தசரதன் பாடி

1

இதை நான் கதையாகத் தொடங்கவில்லை. இது 2006. நேற்று சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டது ஒரு அஞ்சலிக் கட்டுரை.

"தசரதனுக்குத் தொண்டையில சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்களாம். எதுக்கும் ரெடியா வெச்சுக்கங்க."

(பத்திரிகைகளில் இது வழக்கம். பெரிய மனிதர்கள் பலர் எங்கள் மேசைகளில் முன்கூட்டியே இறந்து கிடக்கிறார்கள்.)

முதல் தொடக்கம்: கிடாரில் ஒப்பாரி பாடியவர் தசரதன். 1989-இல் கீழ்பென்னாத்தூரில், தன் அம்மாவின் கருமாதியன்று அவர்

வேண்டாம். சினிமா மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: பம்பை மேளமும் கிடாரும் ஒரே மேடையில் ஏறியபோது திருவண்ணாமலை முதலில் சிரித்தது, பிறகு கேசட் வாங்கியது. கேசட் போய் சிடி வந்தபோதும் தசரதன் பாடினார்.

இது பரவாயில்லை. ஆனால் தசரதன் வீட்டில் நான் பார்த்த பயம் இதில் இல்லை.

2

ஆண்டுகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி உண்ணாமலை. ஆள் உயிரோடிருக்கும் வீட்டில் ஒப்பாரி பாடினால் அது ஆள் தேடும் என்று நம்புகிறவர். அதனால் தசரதனின் பாட்டெல்லாம் வீட்டுக்கு வெளியே, அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் பிறந்தவை.

என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார்.

"'பாடினார்', 'வாழ்ந்தார்'... இன்னாங்க இது? அவரு உள்ள கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்காரு."

"அது இறந்தகாலம்மா, இலக்கணத்துல..."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதிலேயே விழுந்தது. (கடந்தகாலம் என்று சொல்லியிருக்கலாம்.)

"வியாழக்கிழம ரிசல்ட்டு வர்ற வரைக்கும் 'னார்' போடாதீங்க."

உடனே 'னார்'-ஐ அடித்தேன். 'தசரதன் பாடி' என்று நின்றது. உள்ளே போய்க் காட்டினேன்.

தசரதன் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. "இன்னா சார், ஆஸ்பத்திரி வாசல்ல கேக்கிற மாதிரியே இருக்குது. தசரதன் பாடி எங்க, யாரு வாங்கிக்கிறதுனு."

"வாய மூடு," என்றார் உண்ணாமலை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

3

(இங்கே என் கதாபாத்திரத்தைச் சந்தேகிக்கிறேன். இந்த நேரத்தில் ஒருவர் ஜோக்கடிப்பாரா?)

அவர் என் பக்கம் குனிந்தார். குரல் உமியைத் தேய்ப்பதுபோல் வந்தது.

"சாவு கூட பரவால்ல சார். கெட்ட கட்டியா இருந்தா குரல்வளைய எடுத்துடுவாங்களாம். உயிர வுட்டுட்டு இத மட்டும் எடுத்துட்டா நான் யாரு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"இருக்குதானு ஒரு தடவ பாத்துக்கறேன்."

புரிவதற்குள் ஸ்டாண்டிலிருந்து கிடாரை எடுத்துவிட்டார். வீட்டுக்குள். அதே ஒப்பாரி, அம்மாவுக்குப் பாடியது. ஒரு கம்பியைத் தட்டினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

வாயைத் திறந்தார்.

4

முடிவு அ: குரல் வந்தது. உண்ணாமலை ஓடி வந்து

முடிவு ஆ: வெறும் காற்றுதான் வந்தது. அவர் தன்னிடமே

இரண்டில் ஒன்று நடந்தது. நான் அங்கே இருந்தேன். எழுத வேண்டுமானால் வினைக்கு ஒரு காலம் போட்டாக வேண்டும், நான் மாட்டேன். இன்று செவ்வாய்.

நீங்கள் படிக்கும்போது வியாழன் தாண்டியிருக்கும். பாடினார், பாடுகிறார், பாடுவார்: தெரிந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாய்விட்டுப் படிக்காதீர்கள். உண்ணாமலை கதவருகில் நிற்கிறார்.