கடைசிக் கட்டை

கீபோர்டின் முதுகைக் கழற்றியதுமே கோளாறு கரீமுல்லாவின் கண்ணில் பட்டுவிட்டது. அடாப்டர் சொருகுகிற இடத்தில் ஈயம் விட்டுப்போயிருந்தது. பத்து நிமிட வேலைதான், ஆனால் அதோடு மூடிவிட அவருக்கு மனசு வரவில்லை. எண்பத்தெட்டில் லஸ்ஸில் கடை போட்ட புதிதில், தி. நகர்க் கல்யாண மண்டப வாசல்களில் நின்று கல்யாணராமன் வாசிப்பதைக் கேட்டுக் கிறங்கியவர் அவர். அந்த மனுஷனின் கீபோர்டில் நடுக்கட்டைகள் ஏழெட்டு ஊமையாகக் கிடப்பதா? கட்டைகளுக்கு அடியில், அமுக்கினால் சத்தம் எழுப்புகிற ரப்பர் பட்டை தேய்ந்துபோயிருந்தது. புதுசு எங்கேயும் கிடைக்காது. ரிப்பேர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: வலது கோடியிலிருந்த நல்ல பட்டையை நடுவுக்கு மாற்றி, தேய்ந்ததைக் கோடியில் போட்டார். அந்தக் கோடிக்கு யார் கை போகப்போகிறது?

"சத்தம் வந்தாப் போறும். இது இல்லாம அவரால ரெண்டு நாள்கூட இருக்க முடியாது" என்றுதான் கல்யாணராமனின் மனைவி விஜயலக்ஷ்மி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலை கரீமுல்லாவே சித்திரக்குளத்துப் பக்கமிருந்த அவர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு பாட்டாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை.

கல்யாணராமன் கட்டிலில் கிடந்தார். வாய் கோணியிருந்தது. பக்கவாதம் வந்து எட்டு மாதமாம். பேச்சும் போய்விட்டது.

கரீமுல்லா கீபோர்டை இறக்கிவைத்து பிளக்கைச் சொருகினார். பிறகு, ஏதாவது செய்ய வேண்டுமே என்று, நடுக்கட்டைகளை வரிசையாகத் தட்டிக் காட்டினார். கணீரென்றது.

"புதுசாட்டம் இருக்கே!" என்ற விஜயலக்ஷ்மி, வலது கோடி கணவரின் கைக்கடியில் வரும்படி கீபோர்டை ஸ்டூலில் வைத்தாள். "இந்த ஒரு விரல்தான் அசையறது. ஒரு தடவை அமுக்கினா தண்ணி, ரெண்டு தடவைன்னா திருப்பிப் படுக்க வெக்கணும். உள்ள வேலையா இருந்தாலும் கேட்டுடும்."

கோடியில் தான் போட்ட தேய்ந்த பட்டை கரீமுல்லாவுக்கு நினைவு வந்தது.

விரல் கடைசிக் கட்டையில் இறங்கியது. சத்தமில்லை. மறுபடியும் இறங்கியது. கல்யாணராமன் கீபோர்டைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார்.

"முந்தாநாள்கூட அமுக்கினேளே... இதுவும் போயிடுத்தா?" அவள் விரலைப் பிடித்துத் தேய்த்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் கரீமுல்லாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே கூசிப்போனார்.

"மாமி, வெரல் இல்ல, நாந்தான் பட்டைய மாத்திப் போட்டேன். சார், இங்க பாருங்க சார், நான் அமுக்கினாலும் வரல!"

கல்யாணராமன் நம்பாதவர்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கரீமுல்லா கட்டிலருகே மண்டியிட்டு, தன் கட்டைவிரலால் அந்தக் கடைசிக் கட்டையை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். டொக், டொக் என்று பிளாஸ்டிக் மட்டும் சத்தம் போட்டது.