பூட்டன் வந்த வேன்

பெத்தனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் ராக்காயி சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழக வேன் வந்து நின்றது. கொட்டுக்காரர்கள் நிறுத்தினார்கள். பிணத்தைச் சுற்றியிருந்த கூட்டம் அப்படியே வேன் பக்கம் சாய்ந்தது.

“பூட்டன் வந்துட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள்.

ராக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருசன் விடிகாலையில்தான் போனான். அவனை அம்போவென்று விட்டுவிட்டு, தொண்ணூறு வருசத்துக்கு முன்னால் போனவருக்கு இத்தனை வரவேற்பா?

சிங்கம்புணரிப் பக்கம் காட்டில் தேனெடுத்துப் பிழைத்த குடி அது. பெத்தனின் பூட்டனைப் புதைத்த சில வருசத்தில், தலையளவு பார்க்கிறோம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் குழியைத் தோண்டி மண்டையோட்டை எடுத்துப்போய்விட்டார்கள். அது பல்கலைக்கழகத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு நம்பராக உட்கார்ந்திருந்தது. அதைத் திருப்பிக் கேட்டுப் பெத்தன் பதினோரு வருசம் நடந்தான். பல்கலைக்கழகமும் பேரத்தில் லேசுப்பட்டதல்ல. முதலில் அச்சு எடுத்து நகல் தருகிறோம் என்றது. பிறகு பூட்டன் பெயரில் ஓர் அறை திறக்கிறோம் என்றது. கடைசியில் மண்டையோட்டையே தருகிறோம், ஆனால் கடிதத்தில் ‘சேகரித்தோம்’ என்றுதான் போடுவோம் என்றது. காரைக்குடிச் சந்தையில் தேன் விற்றவன் முதல் விலைக்குத் தலையாட்டுவானா? “களவெடுத்தோம்னு எழுதுங்க” என்று மூன்று தடவை கடிதத்தைத் திருப்பி அனுப்பினான்.

அந்தப் பதினோரு வருசத்தில் ராக்காயியை ஒரு திருவிழாவுக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை. கேட்டால், “பூட்டன் அங்குட்டுத் தனியாக் கெடக்காரு புள்ள” என்பான். சக்களத்தி என்றால் கொண்டையைப் பிடித்து இழுக்கலாம். மண்டையோட்டுக்கு அதுவும் கிடையாது.

பேராசிரியை சுபலட்சுமி மரப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். ஒப்படைப்பு விழாவுக்கென்று கிளம்பியவளுக்கு வழியில்தான் சாவுச் செய்தி போயிருந்தது. பெட்டிமேல் சரிகைக்கரை போட்ட வெள்ளைச் சால்வை கிடந்தது.

“நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா.”

“கடுதாசிய வாசிங்க. அவருக்குக் கேக்குற மாதிரி” என்றாள் ராக்காயி.

சுபலட்சுமி வாசித்தாள். “உங்கள் மூதாதையை நாங்கள் களவெடுத்தோம். எங்கள் அலமாரியில் மீதியிருப்பவர்களையும் அவரவர் சனத்தைக் கேட்டு, அவரவர் மண்ணில் சேர்ப்போம்.”

களவெடுத்தோம் என்ற சொல் வந்தபோது ராக்காயி பெத்தனின் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கட்டு லேசாக நழுவியிருந்தது. சரிசெய்தாள்.

“நேத்து வந்திருக்கக் கூடாதா தாயி?” என்று பெத்தனின் தங்கை கருப்பம்மாள் உடைந்தாள்.

“இந்தச் சால்வை யாருக்கு?” என்றாள் ராக்காயி.

“ஐயாவுக்குத்தாம்மா. விழாவுல போத்த வாங்குனது.”

“பெறகு அது மேல ஏன் கெடக்கு?” வெடுக்கென்று உருவிப் பெத்தன்மேல் போர்த்தினாள்.

“பூட்டனும் இன்னைக்குத்தானே மண்ணுக்குள்ள போறாரு மதினி. கோடித்துணி வேணாமா?” என்றாள் கருப்பம்மாள்.

“பதினோரு வருசம் எம் புருசனத் தின்னாருல்ல, பத்தாதா?”

இடுகாட்டில் இரண்டு குழிகள் தயாராக இருந்தன. பெட்டியை யார் தூக்குவது என்று பாடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராக்காயி எழுந்துபோய் அதை வாங்கினாள். உரித்த தேங்காய் கனம்கூட இல்லை. கைப்பிடியில் நம்பர் எழுதிய சீட்டு நூலில் தொங்கியது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துச் சீட்டை வாசலில் எறிந்தாள். பெட்டியைப் பெத்தனின் தோளோரம் வைத்தாள்.

சால்வை நீளமாகத்தான் இருந்தது. அதன் நுனியை எடுத்துப் பெட்டியை மூடினாள். இரண்டு பேருக்கும் எட்டியது. அப்புறம் குனிந்து, பெத்தன் பக்கம் ஒரு சாண் கூடுதலாக இருக்கும்படி இழுத்துவிட்டாள்.