பெல்ட் ஓரத்துக் கயிறு

"மொதல்ல நீர்மாலை எடுக்கணும்லா. அதுக்குள்ள பாடையக் கட்டினா எப்படி?" திருநெல்வேலியிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கிய சித்தப்பா, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் குடத்தோடு வாசலை மறித்து நின்றார்.

"எங்க பக்கம் அது கெடையாதுங்க. அதான் கட்டிகினு இருக்காங்க. நீங்க சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்றார் சிவப்பிரகாசம். சண்முகப்ரியாவின் அப்பா, இறந்துபோன வேலுமணியோடு நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் ஒரே ஷிப்ட் பார்த்தவர்.

சண்முகப்ரியா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். யாரோ உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள், உடனே எழுந்துவிட்டாள்.

வரிசைச் சண்டை அவளுக்குப் புதிதல்ல. ஓர் அலுவலகம் புது மென்பொருள் வாங்கினால், அதை நிர்வகிப்பவர் முதல் நாள் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டு போகவேண்டும்: நிறுவனத்தின் பெயர், ஊழியர் பட்டியல், யார் எதைப் பார்க்கலாம் என்பது. வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் பக்கங்களின் வரிசை மாறும், அவற்றின் உறுப்புகள் மாறாது. அவற்றை ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்தால் யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படிக் கோத்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பைத்தான் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து ஒன்றரை வருடமாகச் செய்தாள்.

அதன் முடிச்சு ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தது, சுரங்கத்தில் கரியைச் சுமந்துபோகும் பெல்ட்டுகளை ஓட்டிய அப்பா. "கரி போய் விழுற கடைசி பெல்ட்டத்தான் மொதல்ல ஓட்டணும். அது வேகம் எடுத்துட்டேன்னு சிக்னல் குடுத்தாத்தான் முந்தின பெல்ட் கெளம்பும். இல்லன்னா கரி குமிஞ்சிரும்." அப்படித்தான், ஒரு பக்கம் 'தயார்' சொல்லும்வரை 'அடுத்து' பொத்தான் மங்கலாகவே இருக்கும்படி செய்தாள்.

"சரி, ஒன்னோடதுல கயிறு எங்க?" என்று கேட்டார். பெல்ட் ஓரம் நெடுக ஒரு கயிறு போகும். ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். மொத்த பெல்ட்டும் நின்றுவிடும். கண்ட்ரோல் ரூமிலிருந்து மறுபடி ஓட்ட முடியாது. இழுத்த இடத்துக்கு ஆள் நடந்துபோய்ப் பார்த்து, கையால் விடுவிக்கவேண்டும்.

"வெப் பேஜ்ல யாருப்பா கைய விடப்போறா?" என்று சிரித்தாள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அவளுடைய தொகுப்பின் முதல் வெளியீடு. அம்மா சுப்புலட்சுமி வடலூருக்குப் போயிருந்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா கூடத்து நாற்காலியில் இருந்தார்.

"பிரியா, ஒரு நிமிசம் வாம்மா."

"ஒரே ஒரு ஸ்டெப்புதான்பா பாக்கி."

"சரி, முடிச்சிட்டு வா."

ஏழு நிமிடம். அவள் வந்தபோது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

கடைசியாக ஏதாவது சொன்னாங்களா என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள். "ஒண்ணும் சொல்லலம்மா. தூங்கிட்டு இருந்தாங்க." இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க. யாரையும் கூப்பிடக்கூட இல்ல."

"புண்ணியம் பண்ணவரு" என்றாள் எதிர்வீட்டு புவனா.

நீர்மாலை வந்தது. குளிப்பாட்டினார்கள். கோடி போர்த்தினார்கள். ஒன்று முடியுமுன் அடுத்தது வந்து நின்றது. சண்முகப்ரியாவின் கையில் யாரோ அரிசியை வைத்தார்கள். அவள் நகராமல் நிற்க, பின்னாலிருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எல்லாரும் வாய்க்கரிசி போட்டாச்சா? தூக்கலாம்லா?" சித்தப்பா கேட்டார். நான்கு பேர் குனிந்தார்கள்.

"நிறுத்துங்க."

சண்முகப்ரியா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சிவப்பிரகாசத்தின் கை தானாகக் குறுக்கே நீண்டுவிட்டது. குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"நேரமாவுது, என்ன இப்ப?" என்றார் சித்தப்பா.

"இருங்க. பொண்ணு நிறுத்தச் சொல்லுது" என்றார் சிவப்பிரகாசம்.

சண்முகப்ரியா அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தாள். "அப்பா தூங்கலம்மா. என்னயக் கூப்பிட்டாங்க. ஒரு ஸ்டெப் பாக்கின்னேன். சரி, முடிச்சிட்டு வான்னாங்க."

மேளக்காரர் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"கொரல் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்."

அம்மா அவள் முஷ்டியைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அரிசி வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டைப் பற்றி அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். பாதி விழுந்தது, மீதியை அம்மாவே தட்டிவிட்டாள்.

சிவப்பிரகாசத்தின் கை இன்னும் குறுக்கேதான் இருந்தது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்துச் செருமினார். சிவப்பிரகாசம் அவர் பக்கம் திரும்பவில்லை. இழுத்தவளே சரி சொல்லட்டும் என்று சண்முகப்ரியாவைப் பார்த்தபடியே நின்றார்.