மாஸ்க் போட்ட பரீட்சை

அந்த வீட்டுக்குள் நுழைவது அவ்வளவு சுலபமில்லை. வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, துண்டு, ஒரு பெட்டி நிறைய மாஸ்க். செருப்பை வெளியே விட்டுவிட்டு, முழங்கை வரை கழுவி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டால்தான் கதவு முழுதாகத் திறக்கும். பால் போடுகிறவர் முதல் சொந்த மைத்துனர் வரை யாருக்கும் விலக்கு கிடையாது. மைத்துனர் ஒருமுறை, "விருந்துக்குக் கூப்பிட்டீங்களா, ஆபரேஷனுக்குக் கூப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் அக்கா குடும்பத்தைப் போனிலேயே விசாரித்துக்கொள்கிறார். மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரருக்கு 'சோப்பு மாஸ்டர்' என்று பேர் வைத்திருந்தார்கள். தையல்காரர் என்பதால் மாஸ்டர். சோப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் மகளுக்காக. ஏழாம் மாதம் பிறந்த கையோடு அவளும் பிறந்துவிட்டாள். அப்படி என்ன தலைபோகிற அவசரமோ. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டபோது அப்பாவின் சுண்டுவிரல் நுனியைப் பிடிக்கத்தான் அவள் கை போதுமானதாக இருந்தது. அதைப் பார்த்த நர்ஸம்மா 'சுண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார். வைத்த பேர் ஏட்டில் தூங்குகிறது. ஆறு வயதாகியும் சுண்டு சுண்டுதான்.

அந்த நர்ஸம்மா பேர் மட்டும் வைக்கவில்லை. மனைவி வேறொரு மாடியில் காய்ச்சலில் கிடக்க, இவர் தன்னந்தனியாக அந்தப் பெட்டியின் முன் நின்று குமுறிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் இவரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கிவிட்டார். "மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இங்க வராதீங்க. குழந்தைக்கு எல்லாம் தெரியும்." அன்றிலிருந்து அவர் லிஃப்டுக்குள்ளேயே முகத்தைத் துடைத்து, சிரிப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனார். மெஷினில் எண்கள் இறங்கி அலாரம் அடித்தபோதும் அந்தச் சிரிப்பை இறக்கவில்லை. பிள்ளை பிழைத்ததில் டாக்டருக்கும் மருந்துக்கும் பங்கு இருப்பது போலத் தன் சிரிப்புக்கும் பங்கு உண்டு என்று இன்றுவரை நம்புகிறார். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நுரையீரல் தேறும்வரை இரண்டு வருஷம் கூட்டத்தில் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. போன தடவை அதே டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, இவள் நுரையீரல் இப்போது உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது, தாராளமாகப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்றார். மாஸ்டர் மருந்துச் சீட்டை மட்டும் வாங்கி மடித்துக்கொண்டார். மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்று கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தார். வருஷத்துக்கொரு முறை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். வயசுக்குத் தக்க படிப்பு இருந்தால் அனுமதி நீளும். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

மனைவிக்கு இதில் மனசு ஒப்பவில்லை. அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். காலையும் மாலையும் பள்ளிப்பிள்ளைகள் பஸ்ஸுக்குள் ஒருத்தர் தலையில் ஒருத்தர் ஏறிக் கத்துவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு பிள்ளை, சத்தமில்லாமல், அப்பாவின் எதிரில் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி பள்ளிக்கூடம், மறுபாதி தையல் மெஷின். மெஷினில் ஓடுவதோ ஒரு கம்பெனிக்காக மாஸ்டர் கூலிக்குத் தைக்கும் பள்ளிச் சீருடை. நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் மூட்டை மூட்டையாக வந்து போகும்.

"ஊர்ப் பிள்ளைங்க அத்தனைக்கும் யூனிஃபார்ம் தைக்கிறீங்க. நம்ம பிள்ளைக்கு ஒண்ணு தைக்க மனசு வரலையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் தைத்து முடித்த ஒரு காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலரில் ஒரு குறையும் இல்லை.

பாடம் சொல்லிக்கொடுப்பதில் அவரைக் குறை சொல்ல வழியில்லை. பழைய அட்டைகளை வெட்டி எழுத்தும் சொல்லும் எழுதி வைத்திருந்தார். மேஜையில் அவற்றைப் பரப்பி, "வீடு எங்கே?" என்பார். சுண்டுவின் விரல் அட்டைகளின் மேல் வட்டமடிக்கும், அங்கே போகும், இங்கே வரும், சட்டென்று ஓர் அட்டையில் இறங்கும். வீடு. "பூனை எங்கே?" பூனை. கூட்டல் கணக்கென்றால் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து சரியான இடத்தில் நிறுத்திவிடுவாள். தப்பு என்பதே கிடையாது. தப்பு என்று சொல்லி அவள் முகம் வாடுவதை அவரால் தாங்கவும் முடியாது. என்ன மூளை என் பிள்ளைக்கு என்று மாஸ்டருக்குத் தலைகால் புரியாது.

"அவ அட்டையைப் பாக்கறதே இல்லையே. உங்க மூஞ்சியைத்தானே பாத்துக்கிட்டிருக்கா" என்று மனைவி ஒருநாள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். பாசம் என்று நினைத்துப் பூரித்துப்போனார் மனுஷன்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் காலையில் மனைவி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதிகாரி அம்மாள் நடுவயசுக்காரர். பெரிய கைப்பை. வாசலில் வாளியைப் பார்த்ததும் தானாகவே செருப்பைக் கழற்றினார். சோப்புப் போட்டுக் கழுவினார், மாஸ்க்கை மாட்டிக்கொண்டார், உள்ளே வந்து சுண்டுவுக்கு எதிரில், வழக்கமாக அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். மாஸ்டர் அவருக்குப் பின்னால் மெஷினருகே நின்றுகொண்டார். போன வருஷம் வந்தவர் குழந்தையிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். இவர் கைப்பையிலிருந்து, படமில்லாமல் சொல் மட்டும் எழுதிய தன் சொந்த அட்டைகளை எடுத்துப் பரப்பினார்.

"பந்து எதுன்னு காட்டு பாக்கலாம்."

சுண்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மாஸ்க்தான் தெரிந்தது. விரல் அந்தரத்திலேயே நின்றது. பிறகு அவள் கண் அதிகாரியின் தோளைத் தாண்டி மெஷின் பக்கம் போயிற்று. விரல் வட்டமடித்து இறங்கியது. பந்து. அடுத்தது விளக்கு. அதுவும் சரி. அதற்கடுத்ததும் சரி. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதிகாரி அம்மாள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"சார், நீங்களும் ஒரு மாஸ்க் போட்டுக்கறீங்களா?"

மாஸ்டர் பதறிவிட்டார். ஜலதோஷமா மேடம், இருமல் இருக்கிறதா, வாசலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் அவர். மாஸ்டர் போட்டுக்கொண்டார்.

"குதிரை எது?"

விரல் வட்டமடித்தது. சுண்டு அப்பாவைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். விரல் குதிரையைத் தாண்டிக் கதவு என்ற அட்டைக்குப் போயிற்று, திரும்பி வந்தது. குதிரையின் மேல் வந்தபோது மாஸ்டரின் புருவம் தானாக ஏறியது. ஏறியதை அவரே உணர்ந்தார். மாஸ்க்குக்குள் உதடு விரிந்ததையும் உணர்ந்தார். அதிகாரி அம்மாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

களவு செய்கிறோம் என்று தெரியாமலே கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாஸ்டர். வீடு, பூனை, மணிகள், கூட்டல் எல்லாம் இப்படித்தானா? அத்தனை நாளும் தன் புருவத்தையும் வாயையுமா பிள்ளை படித்துக்கொண்டிருந்தாள்? மனைவி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அதிகாரி அம்மாள் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரிடம் சொன்னார். பிள்ளை கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம், முகம் பார்த்தே இவ்வளவு கண்டுபிடிக்கிறவள் எழுத்தைப் பார்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். ஆனால் இன்றைக்கு எழுதினால் பள்ளிக்கூடம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். குழந்தை களைப்பாக இருந்தாள் என்று குறித்துக்கொண்டு அடுத்த மாதம் ஒருமுறை வருகிறேன், அதற்குள் நீங்கள் தயார் செய்துவிடுங்கள் என்றார்.

மாஸ்டரின் மனசு அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு மாதம் தாராளம். இந்த அட்டைகளில் என்னென்ன சொல் என்று பார்த்துக்கொண்டாயிற்று. இதே மாதிரி எழுதி, இராப்பகலாக உட்கார்ந்து, மனப்பாடமே பண்ண வைத்துவிடலாம். இன்னும் ஒரு வருஷம் பிள்ளை வீட்டில் இருப்பாள். இருமுகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டாம், யாரும் தள்ளிவிட மாட்டார்கள். "சரி மேடம்" என்று சொல்ல வாயெடுத்தார்.

சுண்டு இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். ஒன்றில் குதிரை, ஒன்றில் கதவு.

"அப்பா, உங்களுக்கு எது வேணும்?"

குதிரை எது என்று அவள் கேட்கவில்லை. அந்த அட்டையில் ஏதோ எழுதியிருக்கிறது, அதைத்தான் கேட்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் படிப்பு.

"இல்ல மேடம்" என்றார் மாஸ்டர். "அடுத்த மாசம் வேண்டாம். இன்னிக்கே பாருங்க."

ஸ்டூலை இழுத்து, சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே ஆணியில் காகித வெட்டுமாதிரிகள் தொங்கின. சட்டைக் கை, பாவாடைப் பட்டி, காலர். அவர் காலரையே பார்த்தார். அவள் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பிவிடாமல் இருக்க முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து அட்டை ஒன்று மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இது இல்லம்மா" என்றார் அதிகாரி. "இது கதவு."

'இல்லை' என்பது அந்த வீட்டில் அந்த மேஜையில் யாரும் சொல்லாத சொல். மாஸ்டர் முழங்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இதோ அழப்போகிறாள், அழுதால் இருமல் வரும், இருமினால் மூச்சு வாங்கும். நாற்காலி நகர்ந்தது. அழுகைச் சத்தம் வரவில்லை. சுண்டு மேஜை மேல் சாய்ந்து அதிகாரியின் காதோரம் போயிருக்க வேண்டும். அவள் ரகசியம் பேசினால் பக்கத்து அறைக்கே கேட்கும்.

"மெதுவா சொல்லுங்க ஆன்ட்டி. நான் தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா அப்பா பயந்துருவாரு."

மாஸ்டர் அந்தக் காலரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அது கலங்கலாகத் தெரிந்தது. தான்தான் அவள் பயப்படாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். பிள்ளையின் வேலை வேறாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் எதிரில் உட்கார்ந்து, அப்பா முகம் சுருங்காமல் பார்த்துக்கொள்வதே ஆறு வயசுப் பிள்ளைக்கு முழுநேர வேலையாக இருந்திருக்கிறது. வேறு எதைப் படிக்க அவளுக்கு நேரம் இருந்திருக்கும்?

"ஸ்கூல்னே எழுதிடுங்க மேடம்" என்றார் சுவரிடம்.

பிறகு மாஸ்க்கைக் கழற்றினார். முகத்தைத் துடைக்கவில்லை, சிரிப்பை மாட்டிக்கொள்ளவில்லை. அப்படியே திரும்பினார். சுண்டு பயந்து நாற்காலியிலிருந்து இறங்கப் போனாள்.

"அங்கேயே உக்காரு கண்ணு" என்றார். "ஆமா, அப்பாவுக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நீ அடுத்த அட்டையைப் பாரு."

அவள் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் விடை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், குனிந்து அட்டைகளைப் பார்த்தாள்.