பதில் வர நாளாகும்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள், மூன்று வயதில் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு ஏழு வயதில் பதில் சொன்னாள். ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவள் அவள். டீச்சர் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தபோது, யாரும் எதுவும் கேட்காமலே, "பச்சைச் சட்டைதான் வேணும்" என்றாள். அதுதான் அவளது முதல் பேச்சு. டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்குத்தான் முகம் வெளுத்தது. ஒரு காலையில் மனைவி இரண்டு சட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிவப்பா பச்சையா என்று கெஞ்சியது அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பச்சைச் சட்டை இப்போது வண்டி துடைக்கும் துணி. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பிறகு பதில்கள் வரிசை தப்பாமல் வந்தன. பசிக்கல. அந்தப் பாட்டுதான். பிறகு ஒருநாள், காது வலிக்குது. ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே பொறுமையிழந்து அடித்தவர் அப்பா. இப்போது அந்தக் காதைத் தடவிப் பார்த்தார். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது. நாலு வருடத்திலாவது பதில் வருகிறதே, அரசு அலுவலகத்துக்கு இது எவ்வளவோ மேல் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஒரு கட்டத்தில் பதில்கள் நின்றன. காரணம் டீச்சருக்குத் தெரியும். கேள்வி கேட்டுக் குழந்தையைத் திணறடிக்க வேண்டாம், பொருளின் பேரை மட்டும் சொன்னால் போதும் என்று நாலு வருடத்துக்கு முன் அம்மாவிடம் சொன்னவர் அவர்தான். படித்த படிப்பின்படி சரியான யோசனைதான். மருந்துக்கடையில் வேலை பார்த்த அம்மா, சொன்ன சொல் தட்டாதவள். கேள்வி நுனிநாக்குவரை வந்தாலும் விழுங்கிவிட்டு, தட்டு, கதவு, நிலா என்று பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்காத கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்? நல்லதுக்குச் சொன்னது இப்படியா வந்து விடிய வேண்டும் என்று டீச்சர் அந்த மௌனம் முழுக்கக் குழந்தையின் எதிரே உட்கார்ந்திருந்தார்.

வெகுநாள் கழித்து ஒரு காலை, அப்பா தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது மகள், "வேணாம்மா" என்றாள். சீப்பு இழுத்துவிட்டதோ என்று கையை எடுத்தார். அப்புறம்தான் உறைத்தது. அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிய அன்று, டீச்சரின் சொல்லை ஒரே ஒரு தடவை மீறி, வாசலில் குனிந்து மனைவி கேட்டிருந்தாள்: "அம்மா போயிட்டு வரட்டுமா, கண்ணு?"

குழந்தை அன்று செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் போனாள், வரவில்லை.

பாதி வாரிய தலையோடு மகள் காத்திருக்க, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தவர், அன்றிலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். எந்தப் பள்ளி, எந்தப் பக்கம் படுக்கை, என்மேல் கோபமா. டீச்சரும் கேட்டார். யாரும் பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் டீச்சரை இருக்கச் சொல்லிவிட்டு அப்பா மகளிடம் கேட்டார்: "அப்பாவும் இல்லாமப் போனா, நீ யார்கூட இருக்கணும்?"

மகள் பாயின் ஓரத்தை விரலால் வருடிக்கொண்டிருந்தாள்.

"பதில் வரும்போது நான் இருந்தா நானே கேட்டுக்கறேன்" என்றார். "இல்லேன்னா நீங்க கேட்டுக்குங்க, டீச்சர்."

டீச்சர் சரி என்றார். அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.