இடது கையின் ஆசீர்வாதம்

அம்மா இறந்தது வெள்ளிக்கிழமை மதியமா, பொழுது சாய்ந்தபிறகா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. யூத குருவான ரபியின் வாயிலிருந்து வந்த சொற்களை என் வாயால்தான் அண்ணனுக்குச் சொன்னேன். அதனால் அவற்றில் எது அவருடையது, எது நான் கூட்டியது என்றும் குழப்பம் உண்டு. அண்ணனின் முகம் மட்டும் குழப்பமில்லாமல் நினைவிருக்கிறது.

வடகிழக்கு மலைகளில் வாழும் எங்கள் மிசோ மக்களின் வழக்கப்படி வீடு கடைசி மகனுக்குப் போகும். அவன்தான் பெற்றோரைக் கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். மூத்தவன் கல்யாணம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். அண்ணன் பியாக்கா அப்படித்தான் எங்கள் ஐசால் ஊரின் கீழ்ச்சரிவில் ஒரு தகர வீட்டுக்கு வாடகைக்குப் போனான். மழைக்காலத்தில் அவன் வீட்டுச் சுவரில் தண்ணீர் வழியும். மேலே எங்கள் வீட்டில் தம்பி மாவியா அம்மாவோடு காய்ந்த தரையில் இருந்தான்.

பைபிளின் ஆதியாகமத்தில் யாக்கோபு தன் பேரன்களை ஆசீர்வதிக்கும் இடத்தை அண்ணன் எங்கே எப்போது வாசித்தானோ தெரியாது. மூத்தவன் மனாசே வலப்பக்கம் நிற்கிறான். கிழவர் கைகளைக் குறுக்காக மாற்றி, வலக்கையை இளையவன் எப்பிராயீம் தலையில் வைக்கிறார். மூத்தவனுக்கு இடக்கை. நாங்கள் அந்த மனாசேயின் வம்சம், யூதர்களில் தொலைந்துபோன கூட்டம், மலைமலையாக அலைந்து இங்கே வந்தவர்கள் என்று ஊரில் சிலர் சொல்லத் தொடங்கியிருந்த காலம். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அவரும் மூத்தவர், கிமி. அவரையும் ஒதுக்கித்தான் வச்சாங்க" என்றான் என்னிடம்.

சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினான். பன்றிக்கறியை விட்டான். எங்கள் வீட்டுக்கு வந்தால் தனக்கென்று ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வருவான். அம்மா கடுகுக்கீரையோடு பன்றிக்கறி கொதிக்கவைத்துக்கொண்டே கேட்பாள்:

"ஏண்டா, உங்க மனாசே நம்ம பாட்டன்னா, அவரு எந்தத் தெருவுல வீடு வச்சிருந்தாரு? கடைசிப் பையனுக்குக் கொடுத்துட்டுப் போனாரா?"

எல்லோரும் சிரிப்போம். அண்ணன் சிரிக்கமாட்டான்.

ஒருநாள் உண்மையாகவே யூதர்களின் நாட்டிலிருந்து ரபிகள் வரப்போவதாகச் செய்தி வந்தது. உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், தேறியவர்களைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். மாவியாவின் பெயரையும் அண்ணனே கொடுத்தான். ஜெபங்களை அவனுக்கு உருப்போடவைத்தான். மாவியா பாதியில் தூங்கிவிடுவான். நான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய வாரம் அம்மா இறந்தாள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இளைஞர் சங்கத்துப் பையன்கள் குழி தோண்டினார்கள். சனிக்கிழமை அடக்கம். அந்த வட்டாரத்தில் யார் செத்தாலும் முதலில் மண்வெட்டியோடு நிற்பவன் பியாக்கா. அன்று அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சனிக்கிழமை யூதர்களுக்கு எந்த வேலையும் செய்யக்கூடாத ஓய்வுநாள். பெட்டிக்கு ஒரு தோள் குறைந்தது.

"அண்ணே, ஒரு பிடி மண்ணாவது" என்றான் மாவியா.

"தெரிஞ்சுதான் நிக்கிறேன்."

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் காறித் துப்பிவிட்டு விலகிப்போனார். அண்ணன் அசையவில்லை.

மறுநாள் நேர்காணல். வீடு நிறையத் துக்கம் கேட்க வந்தவர்கள். மாவியா வரமறுத்தான். "கடைசிப் பையன் நான். வீட்டுல உக்காராம எங்க வர்றது?" அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு இறங்கினான்.

வாடகைக் கூடத்தில் ரபிகள் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். வயதானவர்தான் கேட்டார். பாத்திரங்கள், விளக்கு, பண்டிகைகள். அண்ணன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கடைசியில் கேட்காமலே சொன்னான்:

"நேத்து எங்கம்மாவ அடக்கம் பண்ணாங்க. ஓய்வுநாள். நான் மண்ணத் தொடல. இதச் சொல்லு கிமி."

சொன்னேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். பாராட்டுவார் என்று அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நேத்தா? அப்ப வீட்டுல யாரு துக்கத்துல உக்காந்திருக்கா?"

"தம்பி."

"நீ ஏன் இங்க இருக்க?"

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். தாயைப் புதைத்தவன் ஏழு நாள் வாசலைத் தாண்டக்கூடாது, இந்த எளிய முறையைக்கூட அறியாதவனை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் சொன்னார். நான் அதை மிசோவில் அண்ணனிடம் சொன்னேன். என் குரலில், எங்கள் பேச்சில். அண்ணன் அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலயே."

"அடுத்த தடவை" என்றார் கிழவர்.

மலையேறி அம்மாவின் வீட்டுக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் அந்தக் கிழ ரபியே துக்கம் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலிகளையெல்லாம் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு மாவியா தரையில் உட்கார்ந்திருந்தான், சவரம் செய்யாமல், அழுக்குச் சட்டையில். அவர்கள் முறையில் துக்கம் காப்பவன் அப்படித்தான் இருக்கவேண்டுமாம். கிழவர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பெட்டியத் தூக்கினியா?"

"தூக்கினேன். எங்கம்மா."

"அது ஓய்வுநாள்."

"தெரியும்."

அவர் சிலவற்றைக் கேட்டார். மாவியா பாதிக்குத் தப்பாகச் சொன்னான். கிழவர் எழுந்துபோகும்போது, மீதியை அங்கே வந்து கற்றுக்கொள்ளலாம், இவன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று கூட வந்தவரிடம் சொன்னார். அடுப்படி வாசலில் நின்ற அண்ணனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"மறுபடியும் கைய மாத்தி வச்சுட்டாங்க" என்றான்.

"நான் போகலண்ணே. எனக்கு எதுக்கு?" என்று மாவியா எழுந்துவந்தான்.

"போடா. உன்னத்தானே கூப்பிட்டாங்க, நீதான் போகணும். வீட்டுச் சாவிய வச்சுட்டுப் போ."

மாவியா நெடுநாள் போகாமல்தான் இருந்தான். அண்ணன் படியேறி வருவதை நிறுத்தினான். தெருவில் எதிரே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு மழைக்காலத்தின் முடிவில் மாவியா சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, "அவரு பேசாத வீட்டுல நான் எப்படிக்கா இருக்கறது?" என்றான்.

மாவியா இப்போது அந்த நாட்டின் வடக்கே ஓர் ஊரில் பழங்களைப் பெட்டியில் அடுக்குகிறான். கடைத்தெருவில் அவனைத் தாய்லாந்துக் கூலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் மகன் பட்டாளத்தில் ஒரு சோதனைச்சாவடியில் நிற்கிறான். அவன் நிறுத்திச் சோதிக்கிற அரபு மக்களும் தங்களை ஆபிரகாமின் பிள்ளைகள் என்றே சொல்கிறார்களாம். பியாக்கா அம்மாவின் வீட்டில் இருக்கிறான். ரபிகள் பிறகும் வந்தார்கள், அவன் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஓய்வுநாள் பிறக்கும்போது தனியாக விளக்கேற்றுகிறான், தன் பானையில் சமைக்கிறான். நான் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். அம்மாவின் கல்லறையில் புல் பிடுங்குவது நான்தான்.