கொசுறாகப் போட்ட இட்

பத்தொன்பது வருட நாணயம் சந்தையில் என்ன விலை போகும் என்று யாராவது கேட்டால், ஒரு 'ட்' என்று சொல்லுங்கள். பேரம் கிடையாது, ஒரே விலை.

சாவியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. விடுதியில் பத்தொன்பது வருடம் ஆகியும் அவர் பதவி மட்டும் இன்னும் ரூம் பாய். இரண்டாம் மாடிச் சாவிக்கொத்து எந்நேரமும் அவர் இடுப்பில் தொங்கியதால் வந்த பெயர் அது. திங்கட்கிழமை, இருநூற்றெட்டாம் அறை அம்மாள் ஏதோ காணவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார். என்ன பொருள் என்று மேனேஜர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எடுத்தவன் தன் வாயாலேயே உளறுவான் என்று அவர் காத்திருந்தார். அறையைச் சுத்தம் செய்தவர் என்பதால் முதல் விசாரணை சாவியண்ணனுக்கு, புதன்கிழமை காலையில். மேனேஜர் ஊருக்குப் புதியவர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலத்தில் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

"எல்லாம் முடிஞ்சுபோன சங்கதிப்பா. அதனால ஒவ்வொரு இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கும் கடைசில ஒரு சத்தம் சேர்க்கணும்" என்றாள் ஒன்பதாவது படிக்கும் மகள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோட்டில் மூன்று பத்தி பிரித்து, மேலே ட், ட், இட் என்று எழுதினாள்.

"முதல் ரெண்டும் ஒண்ணுதானே, கண்ணு?"

"இல்லப்பா. தமிழ்ல எழுத வேற எழுத்து இல்ல, அதான். முதல் ட் வெறும் காத்து. ரெண்டாவதுக்குத் தொண்டை அதிரணும். கழுத்துல கை வச்சுப் பாருங்க. லாக்ட்னா பூட்டினேன். இது காத்து. அதிரக் கூடாது."

அவர் கழுத்தில் கை வைத்துக்கொண்டு முயன்றார். தமிழ் நாக்குக்கு மெய்யெழுத்தை நடுத்தெருவில் தனியாக விட்டுவர மனசு வராது. துணைக்கு ஓர் உகரத்தையாவது அனுப்பும். "லாக்குட்டு" என்று வந்தது.

"தலையில ஒரு குட்டு வச்சா சரியா வரும்" என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி.

மூன்றாவது பத்திதான் வாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "எல்லாத்துக்கும் இந்த இட்டையே போட்டுடறேன். தெளிவா கேக்கும்ல?"

"ஐயோ அப்பா! ஃபோல்ட் மாதிரி ஏற்கெனவே ட்-ல முடியறதுக்குத்தான் அது."

"அட போம்மா. கொசுறு போட்டா எந்த ஊர்ல வேண்டாம்பாங்க?"

மறுநாள் காலை மேனேஜரின் அறை. மொழிபெயர்த்துச் சொல்ல வரவேற்பு மேசைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாவியண்ணனோ துணை வேண்டாமென்று தானே தொடங்கிவிட்டார்.

"ஐ நாக்கிட். ஐ ஓப்பனிட். ஐ க்ளீனிட். ஷீட் சேஞ்ஜிட். டவல் ஃபோல்டிட்."

மேனேஜர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அந்தத் தலையாட்டலில் சாவியண்ணனுக்குத் தெம்பு ஏறியது. கடைசிச் சொல்லை, பூட்டில் சாவியைத் திருகுவது போல அழுத்தினார்.

"லாக்கிட்!"

பேனா நின்றது. மேனேஜரின் முகத்தில், கண்ணியில் எலி விழுந்தவனின் நிதானம். வரவேற்பு மேசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, காணாமப் போனது லாக்கெட்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"எந்த லாக்கெட், தம்பி? நான் ரூமைப் பூட்டினேன்னு சொன்னேன்!"

மேசைக்காரர் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். மேனேஜர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவனே சொல்லட்டும், இன்னொரு தடவை.

பயத்தில் சாவியண்ணன் கொசுறை முழுசாகப் பிடுங்கி எறிந்தார். "ஐ லாக்."

"தினமும் பூட்டுவீங்க, சரி. அன்னைக்குப் பூட்டினீங்களான்னு கேக்கறாரு."

"லாக்குட்டு."

மூன்று தடவையும் மூன்று விதமாகச் சொல்கிறானே என்றார் மேனேஜர். சாவியண்ணனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. காற்று மட்டும் வரவேண்டிய இடத்தில் தொண்டை கிடுகிடுவென்று அதிர்ந்தது. லாக்கெட் தொங்கும் இடத்தில் கை போவதை மேனேஜர் பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

"தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொல்லிட்டேண்ணே. உங்களுக்குப் பரிஞ்சு பேசறேன்னு என்னையே ஒரு மாதிரி பாக்கறாரு."

சாவிக்கொத்தை மேசையில் கழற்றி வைக்கச் சொன்னார்கள். எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றிருந்தாள். "ஒழுங்கா சொன்னீங்களாப்பா? எல்லாத்துக்கும் இட் போடலையே?"

அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "போடல, கண்ணு. நீ சொன்ன மாதிரியேதான் சொன்னேன்."

தாளில் இருந்தவை மொத்தம் ஆறு வினைச்சொற்கள். இட் பொருந்தியது ஒன்றுக்கு. பொருந்தாத நான்கு, தள்ளுபடி. மிச்சம் அந்த லாக்கிட் ஒன்று, அவர் பெயரில் பாக்கி.